ஏகமனதாக ஒரு நாகு கன்று

1

இந்தக் கதை ஓர் அலுவலகக் கோப்பில் பிறந்தது. அதை ஒளித்துப் பயனில்லை. எங்கள் நிறுவனம் உதவி தருகிறவர்களுக்கு வருடத்தில் நான்கு 'வெற்றிக்கதை' அனுப்பவேண்டும். இரண்டு பக்கம், ஒரு படம், முடிந்தால் ஒரு புன்னகை. முதல் பத்தியில் கஷ்டம், இரண்டாம் பத்தியில் நாங்கள், மூன்றாம் பத்தியில் வெற்றி. எழுதி எழுதிக் கை அந்தத் தடத்திலேயே ஓடுகிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எழுதிவிடுவேன்.

அப்படி எழுதியவற்றில் ஒன்றுதான் நாவல்முறிப்பு இராசமலரின் கதை. போன வருட ஆண்டறிக்கையில் பளபளத் தாளில் வந்தது. நல்ல பெயரும் வாங்கித் தந்தது. அதில் பொய் என்று ஒரு வரிகூட இல்லை, தேடிப் பாருங்கள். அதனால்தான் மனம் ஆறாமல் மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அறிக்கைகளில் 'நான்' கிடையாது. 'கள உத்தியோகத்தர் சென்றார், பார்வையிட்டார், ஆலோசனை வழங்கினார்' என்றுதான் எழுதவேண்டும். அந்தப் பழக்கத்தில் இந்தக் கதையிலும் என்னைத் தர்சிகா என்றே எழுதப்போகிறேன். [பழக்கம் மட்டும் காரணமில்லை. அவள் செய்த இரண்டொரு காரியங்களை 'நான் செய்தேன்' என்று எழுதக் கை கூசுகிறது.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

"வன்னியின் செம்மண் பாதையில் காலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கள உத்தியோகத்தர் தர்சிகாவின் ஸ்கூட்டர்..."

சீச்சீ.

இரண்டாவது முயற்சி:

"போரின் வடுக்களைச் சுமந்து நிற்கும் நாவல்முறிப்புக் கிராமத்தில், ஐம்பத்திரண்டு வயதான இராசமலர் தன்னம்பிக்கையின்..."

இது ஆண்டறிக்கையேதான். கை தடத்துக்குப் போய்விட்டது.

மாட்டிலிருந்து தொடங்குகிறேன். மாடு பொய் சொல்லாது.

நிறுவனம் வறிய குடும்பம் ஒன்றுக்குச் சினைப்பசு கொடுக்கும். பால் அவர்களுக்கு, மாடும் அவர்களுக்கு. ஆனால் அது ஈனும் முதல் நாகு கன்றை, அதாவது பெண் கன்றை, பட்டியலில் அடுத்து இருக்கிற குடும்பத்துக்குக் கொடுத்துவிடவேண்டும். அந்தக் குடும்பம் தன் முதல் நாகை அதற்கு அடுத்தவர்களுக்குக் கொடுக்கும். இப்படியே ஊர் முழுக்க மாடு பெருகும் என்பது கணக்கு. நல்ல கணக்குத்தான். நான் இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கன்றைக் கொடுக்க மறுத்தால் தாய்ப்பசு திருப்பி எடுக்கப்படும்.

இராசமலருக்குக் கிடைத்தது சிவலை என்கிற பசு. புருஷன் கடைசிச் சண்டையில் எறிகணை விழுந்து செத்தவர். மூத்த மகள் நிலானியைச் சண்டைக்கு ஆள் சேர்க்க இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை, செத்ததாகவும் எவரும் சொல்லவில்லை. இளையவள் மதுஷா உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய பஸ், கொப்பி, ரியூசன், வீட்டு உலை எல்லாமே சிவலையின் மடியில்தான் தொங்கியது.

இனி அந்தக் கூட்டம். சனசமூக நிலையத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். தர்சிகா வறுமைக்குப் புள்ளி போட்டுத் தயாரித்த பட்டியலை வாசித்தாள். இராசமலருக்கு அடுத்த பெயர் தவராசா செல்வமதி, குளத்துக்கு அங்கால் இருப்பவள். மூன்று பிள்ளைகள், தகரக் கொட்டில், புருஷனுக்கு வலது கால் இல்லை. புள்ளி அள்ளிக்கொண்டு போனது. "ஆருக்கும் ஆட்சேபணை இருக்கோ?" என்று தர்சிகா கேட்டாள். ஒருவரும் கதைக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி மடியில் இருந்த குழந்தையின் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். தர்சிகா கூட்டக் குறிப்பில் எழுதினாள்: 'பட்டியல் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

[தர்சிகா யாழ்ப்பாணத்தில் படித்து, அங்கேயே சண்டையின் கடைசி வருடங்களையும் கழித்தவள். வன்னிச் சனத்தின் மௌனத்தை அவள் படித்ததில்லை. வாயைத் திறக்காமல் இருந்ததால் மிஞ்சிய சனம் அது. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பத்துப் பேருக்காவது செல்வமதியின் புருஷன் யார் என்று தெரியும். ஒருவராவது வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை இல்லை.]

3

கன்றை வாங்கப்போகிறவர்கள் முதலில் வந்து பார்த்துவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். கொண்டுபோகிற நாளில் புதுக் கயிறும் அவர்கள்தான் கொண்டுவரவேண்டும். மாட்டைக் கொடுப்பார்கள், கட்டியிருந்த கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கயிறு போனால் மாட்டுப்பட்டியே போய்விடும் என்று ஒரு பயம்.

செல்வமதியும் புருஷன் தவராசாவும் ஒரு பின்னேரம் வந்தார்கள். அந்த நேரம் தர்சிகா அங்கே இல்லை. இராசமலர் பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன். செல்வமதி நேரே கன்றடிக்குப் போய்விட்டாள். புருஷன் பொய்க்காலோடு மெதுவாக வந்து வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இராசமலர் மாட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டான்:

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளே?"

அவள் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு பாதித் தூரம் வந்தாள். அந்தக் குரலில்தான் அவளுக்கு ஏதோ இடறியது.

எட்டு வருடத்துக்கு முன், இடம்பெயர்ந்து போய்த் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த காலம். நிலானியை விறகுக்கும்பிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். ஓர் இயக்கப் பொடியன் வந்து இதே மாதிரி, இதே மரியாதையோடு தண்ணீர் கேட்டான். அவளும் கொடுத்தாள். முழுச் செம்பையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "மகளைக் கூப்பிடுங்கோ அம்மா, எங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றான். அவனோடு இன்னும் மூன்று பேர் வெளியே ஒழுங்கையில் நின்றார்கள்.

இப்போது படலையில் நின்றவனும் அவளை அடையாளம் கண்டுகொண்டான். முகம் வெளிறிப் போனதாம். இராசமலர் செம்பை வேலிக் கதியால் மரத்தின் அடியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் குடிக்கவில்லை. செல்வமதியைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான். இருட்டும்வரை செம்பு அங்கேயே இருந்தது.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். தவராசாவை எப்படி எழுதுவது?

முதல் வரைவில் அவனுக்குச் சிவந்த கண்ணும் தடித்த குரலும் வைத்தேன். அடித்துவிட்டேன். அவனுக்கு மெல்லிய குரல்.

இரண்டாம் வரைவில் அவனை அழவைத்தேன். "குற்றவுணர்வில் தினம் தினம் வெந்துகொண்டிருந்த அவன்..." அதையும் அடித்தேன். அவன் வெந்தானோ இல்லையோ, எனக்கென்ன தெரியும்? அழுகிறவனை வாசகர் மன்னித்துவிடுவார்; அந்த வேலையை நான் உங்களுக்குச் சுலபமாக்கித் தரக்கூடாது.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பதினேழு வயதில் அவனையும் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். பத்தொன்பதில் அவன் மற்றவர்களைப் பிடிக்கப் போனான். கால் போனது. சண்டை முடிந்து தடுப்பு முகாமில் இருந்து வந்தான். சிவில் உடுப்புப் புலனாய்வுக்காரர் இப்போதும் இடைக்கிடை வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். அதனால் பழசைப் பற்றி அவன் எவரோடும் கதைப்பதில்லை.

5

அடுத்தநாள் இராசமலர் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கதிரையில் இருக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள்.  வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வரப்போகும் வியாழக்கிழமைக்குத்தான் கன்று கையளிப்பு என்று எல்லாம் ஒழுங்காகியிருந்தது.

தர்சிகா இணைப்பாளர் ஜெயசீலனிடம் ஓடினாள். பட்டியலை மாற்றலாமா என்று கேட்டாள். அவர் கெட்ட மனிதரில்லை. கோப்பை எடுத்து அவள் எழுதிய பக்கத்தையே திருப்பிக் காட்டினார்.

"ஏகமனதா எண்டு நீர்தானே எழுதினீர்? இப்ப மாத்தினால் ஏன் எண்டு கேப்பினம். என்னெண்டு எழுதுவீர்? அந்தப் பொடியன்ர பேரையும் அவன் செய்ததையும் கோப்பில போடுவீரோ?"

போட்டால் அது யார் யார் கைக்குப் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் வெளியே வந்தாள்.

அடுத்து அவள் செய்ததைச் சொல்லவேண்டும். நேரே குளத்தடிக்குப் போனாள். பையில் ஒரு வெள்ளைத்தாள் கொண்டுபோனாள். கன்று வேண்டாம் என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் சுகம் என்பது அவள் எண்ணம். தவராசா கொட்டிலுக்கு வெளியே பொய்க்காலைக் கழற்றிவைத்துவிட்டு இருந்தான். அவள் பாதி சொல்லும்போதே, "எனக்கு விளங்குது மிஸ். கண்டு வேண்டாம். தாங்கோ, எழுதித் தாறன்" என்றான். தர்சிகா தாளை எடுத்தாள். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். ஆமாம், சந்தோஷம்தான்.

செல்வமதி உள்ளேயிருந்து வந்து, எழுதத் தொடங்கியவனின் கையிலிருந்து பேனையைப் பிடுங்கினாள்.

"கலியாணத்துக்கு முதலே எல்லாம் எனக்குச் சொன்னவர். தெரிஞ்சுதான் கட்டினனான். அவர் செய்ததுக்கு அவரைக் கேளுங்கோ. என்ர பிள்ளையள் ஆரின்ர பிள்ளையைப் பிடிச்சதுகள்? பால் குடிக்கிறதுக்கு அதுகளுக்கு என்ன ஆட்சேபணை எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

ஆட்சேபணை என்ற அந்தச் சொல்லை அவள் கூட்டத்திலிருந்துதான் எடுத்திருக்கவேண்டும்.  தர்சிகா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திரும்பும் வழியில் இராசமலர் வீட்டில் இறங்கி, என்ன செய்யலாம் அக்கா, சிவலையைப் பறிகொடுக்கவேண்டாம், ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். இராசமலர் கன்றின் கழுத்தைச் சொறிந்தபடி இருந்தாள். பிறகு சொன்னாள்:

"குடுக்கிறன். ஆனா பொம்பிளையை அனுப்பக்கூடாது. அவன்தான் வந்து வாங்கவேணும். எனக்கு அவனிட்ட ஒண்டு கேக்கவேணும், பிள்ளை. எட்டு வருசமா எல்லாரிட்டையும் கேட்டுப்போட்டன். முகாமில கேட்டன், விசாரணைக்கு வந்த ஐயாமாரிட்டக் கேட்டன், கோயில்ல கேட்டன். என்ர பிள்ளையை எங்க கொண்டுபோய் விட்டது எண்டு தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்."

6

வியாழக்கிழமை, காலை பத்து மணி.

முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். விருந்தினராக வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனுஷி, வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. ஜெயசீலன் சேர் புதுச் சேட்டுப் போட்டிருந்தார். கூட்டத்தில் வாயைத் திறக்காத அதே சனம் வேலியோரம் வந்து நின்றது. இன்றைக்கும் எவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள்.

இராசமலர் கையில் குழை வெட்டும் கத்தி இருந்தது.

[கதையில் கத்தியைக் காட்டிவிட்டேன், இனி நீங்கள் கத்தியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கன்றுக்குக் கடைசியாக ஒருபிடி குழை வைக்கத்தான் அதை எடுத்தாள். வைத்ததும் கூரைத் தகரத்தில் செருகிவிட்டாள். ஆனால் அன்றைக்குத் தர்சிகாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தகரத்தில் ஏறும்வரை அவள் கமராவைத் தொடவில்லை.]

தவராசா வந்தான். தோளில் புதுக் கயிறு. சொல்லியனுப்பியபடி செல்வமதி வரவில்லை. அவன் படலையில் நின்றான், இந்தமுறை தண்ணீர் கேட்கவில்லை. மதுஷா வீட்டு வாசலில் நின்று தாயையே பார்த்தாள். சிவலை கன்றைப் பார்த்து ஒருதரம் கத்தியது.

எல்லாரும் அசையாமல் நின்றார்கள். ஜெயசீலன் சேர் தர்சிகாவைப் பார்த்துக் கண்ணால் சொன்னார். தர்சிகா கமராவை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ரெண்டு பேரும் ஒருக்காக் கயிற்றைப் பிடியுங்கோ. படத்துக்குத்தான்."

அவர்கள் பிடித்தார்கள். இராசமலரின் பழைய கயிற்றின் ஒரு பக்கம் அவள் கை, மறுபக்கம் அவன் கை, நடுவில் கன்று.

அந்தப் படம் ஆண்டறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. தலைப்பு ஜெயசீலன் சேர் வைத்தது: 'ஒரு கன்று, இரு குடும்பங்கள், ஒரு நல்லிணக்கம்.' இராசமலரின் வாய் சற்றுத் திறந்திருக்கிறது. பளபளத் தாளில் அது புன்னகை மாதிரித் தெரியும். எத்தனையோ பேர் என்னிடம், "எவ்வளவு நிறைவான சிரிப்பு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அவள் சிரிக்கவில்லை. கேட்கத் தொடங்கியிருந்தாள்.

7

இனி முடிவு. மூன்று எழுதிவைத்தேன்.

(அ) ஆண்டறிக்கை முடிவு. கன்று கைமாறியது, விருந்தினர் கைதட்டினார், பயனாளிகள் மகிழ்ச்சி தெரிவித்தனர். சொன்னேனே, இதில் பொய் இல்லை. கைதட்டினார்தான்.

(ஆ) நான் கோபத்தில் எழுதிய முடிவு. இராசமலர் கயிற்றை உதறுகிறாள், அவன் முகத்தில் துப்புகிறாள், லொறி வந்து சிவலையை ஏற்றிக்கொண்டு போகிறது, மதுஷா படிப்பை விட்டுவிட்டு... இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. என் கோபத்துக்கு அந்தப் பிள்ளையின் படிப்பை ஏன் பலி கொடுக்கவேண்டும்?

(இ) நடந்தது.

கமரா கிளிக் என்கிறபோதே இராசமலர் கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. பால் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"என்ர பிள்ளையை எங்க கொண்டுபோய் விட்டனீ?"

 வெள்ளைக்காரப் பெண்மணி சிரித்த முகத்தோடு, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று தர்சிகாவிடம் கேட்டார். தர்சிகா சொன்னாள்: "கன்றுக்கு என்ன தீன் போடவேணும் எண்டு சொல்லிக் குடுக்கிறா." அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கைதட்டியது அப்போதுதான். நான் அவரைக் கோபிக்கமாட்டேன். கோபம் எல்லாம் தர்சிகா மேல்தான்.

தவராசா வேலியைப் பார்த்தான். அத்தனை பேர். அதில் யார் எங்கே போய்ச் சொல்வார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மாட்டேன் என்று திரும்பிப் போயிருக்கலாம். தெரியாது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அவன் பொய்க்காலை இழுத்துக்கொண்டு இன்னும் ஓரடி கிட்ட வந்தான். கன்றின் முதுகுக்கு மேலால் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான். படம் எடுக்கப் போன தர்சிகா இரண்டு முழத்தில் நின்றாள். அவளுக்கும் கேட்டது.

அவன் சொன்னான்:

[இங்கே பதினொரு வரிகள் இருந்தன.]

சொல்லி முடிந்ததும் இராசமலர் கொஞ்ச நேரம் கன்றின் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகினாள். அவன் தன் புதுக் கயிற்றைக் கட்டப் பார்த்தான். முடிச்சு விழவில்லை. கன்று இழுத்தது, அவன் தடுமாறினான். இராசமலர் அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கி, தானே கட்டி, முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கன்றோடு குளத்துப் பக்கம் நடந்தான். சிவலை அன்றைக்கு முழுக்கக் கத்தியது.

8

அந்தப் பதினொரு வரிகளை நான் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தன. இந்தக் கதையில் நன்றாக வந்தது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். எழுதியதை எடுத்துக்கொண்டு போன மாதம் நாவல்முறிப்புக்குப் போனேன். [ஆம், நான்தான் போனேன். இனித் தர்சிகா வேண்டாம்.]

இராசமலர் பிளேன்ரீ தந்தாள். மதுஷா பரீட்சை எழுதிவிட்டாள், முடிவுக்குக் காத்திருக்கிறாளாம். சிவலை அடுத்த கன்று போட்டுவிட்டது. அதுவும் நாகு, இது அவர்களுக்கே. நான் தாளை எடுத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கத்தி வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். அந்தப் பதினொரு வரிகள் வந்ததும் கையை நீட்டித் தாளின் மேல் வைத்தாள்.

"கண்டு குடுத்தனான் எண்டு எழுது, பிள்ளை. முடிச்சுப் போட்டனான் எண்டும் எழுது, நடந்ததுதானே. மன்னிச்சனான் எண்டு மட்டும் எழுதிப்போடாதை, நான் அப்பிடி ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவன் சொன்னதையும் எழுதாதை. எட்டு வருசம் அலைஞ்சு, ஒரு கண்டைக் குடுத்து வாங்கினது. அது என்ர."

சரி அக்கா என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்தாள். மாட்டுக்கொட்டிலில் அந்தப் பழைய கயிறு தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில், தகரத்துக்கும் வளைமரத்துக்கும் நடுவே செருகினாள்.

நிலானி இருக்கிறாளா இல்லையா என்று உங்களுக்குத் தெரியவேண்டும். எனக்கு அது விளங்குகிறது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டுப் படலையில் நிறுத்துகிறேன் என்று என்மேல் ஆத்திரம் வரும். வரட்டும். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

ஆனால் கேட்காமல் முடித்தால் அதுவும் பழைய பிழைதான். ஆகவே கேட்கிறேன். இந்தக் கதை இப்படியே முடிவதில் உங்களில் ஆருக்கும் ஆட்சேபணை இருக்கிறதா?

ஒருவரும் கதைக்கவில்லை.

கூட்டக் குறிப்பில் இந்தமுறை அதை அப்படியே எழுதுகிறேன்: ஒருவரும் கதைக்கவில்லை.